இறங்குமிடம் ஜெமினி

சென்னை அண்ணா சாலையில் ஒரு மதிய நேரப் பேருந்து. எனக்கு முன் சீட்டில் தோள்பையோடு ஒரு பையன். ஊருக்குப் புதுசு என்பது அவன் சில்லறை எண்ணிய விதத்திலேயே தெரிந்தது. "ஜெமினி ஒண்ணு" என்று டிக்கெட் வாங்கினான். கொஞ்ச நேரம் கழித்து நடத்துநரைப் பார்த்து, "அண்ணா, ஜெமினின்னா கடையா, பில்டிங்கா? எதைப் பாத்து எறங்கணும்?" என்றான். நடத்துநர் ஒரு கணம் யோசித்தார். "அப்டி ஒண்ணும் இல்ல தம்பி. பாலம் வரும். நான் சொல்றேன், எறங்கிக்க."

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிலை நோட்டில் எழுதி வைத்தேன். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடம் அது. 1948-இல் 'சந்திரலேகா' அங்கிருந்துதான் வந்தது. திரையில் இரண்டு சிறுவர்கள் குழல் ஊதினால் கொட்டகை நிமிர்ந்து உட்கார்ந்த காலம். இன்று அந்த மனையில் கடைகளும் அலுவலகங்களும் நட்சத்திர ஓட்டலும். 1973-இல் கட்டிய மேம்பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு சேர்ந்தவை இந்தக் குறிப்புகள். வரிசை கிடையாது. பேருந்தில், நடையில், பெரியவர்கள் பேச்சில் கிடைத்தபடி.

*

வால்டாக்ஸ் ரோடு. சின்ன வயதில் இதற்கும் நாய் வாலுக்கும் ஏதோ சம்பந்தம் என்று நினைத்திருந்தேன். விஷயம் மதில். 1758–59-இல் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார்கள். பத்து வருஷத்தில் ஹைதர் அலியின் குதிரைப்படை நகர வாசலுக்கே வந்து நின்றது. பயந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனி, இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி மதில் எழுப்பியது. செலவை உள்ளே குடியிருப்பவர்கள் தலையில் வரியாகக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டது. அந்த 'வால் டாக்ஸ்', அதாவது மதில் வரி, வசூலாகவே இல்லை. பின்னால் மதிலும் போய்விட்டது. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. அதன்மேல்தான் மாடிப் பூங்கா.

சாலைக்கு வ.உ.சி. பெயரைச் சூட்டி எவ்வளவோ காலம் ஆகிறது. சென்ட்ரல் வாசலில் ஆட்டோக்காரரிடம் "வ.உ.சி. சாலை" என்று சொன்னேன். "எது சார், வால்டாக்ஸா?" என்றார்.

பக்கத்திலேயே யானைக்கவுனி. கவுனி என்றால் கோட்டை வாசல். வாசலும் இல்லை, யானையும் இல்லை. தங்கசாலையில் நாணயம் அடிப்பதை நிறுத்தி நூற்றைம்பது வருஷம் ஆகிவிட்டது. மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லி வழி காட்டுகிறார் மூட்டை தூக்குபவர்.

*

உயர் நீதிமன்றத்தில் வக்கீல்கள் கறுப்பு அங்கி பறக்க ஓடும் தரைக்குக் கீழே ஓர் ஊர் இருந்தது. கோட்டைக்கு வடக்கே மதிலை ஒட்டி வளர்ந்த பழைய கறுப்பர் பட்டணம். 1746-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஒரு பகுதியைத் தகர்த்தார்கள். 1749-இல் திரும்பி வந்த ஆங்கிலேயர்கள், எதிரி பீரங்கிக்கு இனி மறைவு கிடைக்கக்கூடாது என்று மீதியையும் சில வருஷங்களில் இடித்துச் சமமாக்கினார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதோடு போனது. பிறகு மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று, பூக்கடைப் பக்கம் பெருமாளுக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் மறுபடி கோயில் எழுப்பினார். நாம் இன்று பார்ப்பது இடம்பெயர்ந்த சாமிகளை. நகரத்தின் முதல் அகதிகள் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும்.

வெட்டவெளியின் எல்லையைக் காட்ட 1773-இல் ஆறு தூண்கள் நட்டார்கள். அதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாது. ஐந்து போய்விட்டன. ஒன்று மட்டும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கிறது. அதன் எதிரே பேருந்துக்காக நின்ற எத்தனையோ சாயங்காலங்களில் அதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தெரிந்துகொண்ட பிறகு, பார்க்காமல் இருக்க முடியவில்லை.

*

கோட்டைக்குள் புனித மரியம்மாள் தேவாலயம். சுற்றுத் தரையில் பதித்திருக்கும் கற்கள் அத்தனையும் கல்லறைக் கற்கள். இன்றைய சட்டக் கல்லூரி இருக்கும் இடத்தில்தான் அப்போது ஆங்கிலேயர் இடுகாடு. 1758–59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளுக்குப் பின்னால் பதுங்கிச் சுட்டது. போர் முடிந்ததும் கற்களைப் பெயர்த்துக்கொண்டு வந்து தேவாலயத்தைச் சுற்றிப் பரப்பிவிட்டார்கள். ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள். பெயர்கள் மட்டும் இங்கே வந்துவிட்டன.

மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கற்கள் செருப்பையும் மீறிச் சுடும். குனிந்து பார்த்தேன். லத்தீன் எழுத்துகள், போர்த்துகீசிய எழுத்துகள், இன்னதென்று எனக்குப் புலப்படாத ஓர் எழுத்து. அது ஆர்மீனியம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மழையும் காலடியும் தேய்த்ததில் சில வரிகள் விரலுக்கு மட்டும் தட்டுப்படுகின்றன. கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு குடும்பம் வந்தது. பாட்டி மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சூட்டில் கால் மாற்றி மாற்றிக் கடந்தார். "யாரு பெத்த புள்ளையோ" என்று சொல்லிக்கொண்டே போனார்.

இடம்பெயராமல் பழைய இடத்திலேயே நின்றுவிட்ட சமாதிகளில் ஒன்று டேவிட் யேல் என்ற குழந்தையுடையது. அவன் அப்பா எலிஹு யேல், கோட்டையின் ஆளுநர். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் என்று எல்லோரும் சொல்வது அவர் பெயரைத்தான்.

*

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. ஏரிப் பார்வைச் சாலை. எந்த மாடியில் ஏறி நின்று பார்த்தாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா. அங்கேயும் அதே கதை. டேங்க் பண்ட் ரோடு என்றால் ஏரிக்கரைச் சாலை. கரை இருக்கிறது, ஏரி எங்கே?

மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேர்ந்து ஒரே நீளமான நீர்ப்பரப்பாகக் கிடந்தன. 'லாங் டாங்க்' என்று ஆங்கிலேயர் வரைபடங்களில் இருக்கும். நகரத்தின் மேற்கு எல்லையே அந்தத் தண்ணீர்தான். 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில் அதை வடித்துத் தூர்த்து ஒரு புது நகர் அமைத்தார்கள். தியாகராயர் பெயரில் தி.நகர். ஏரி நிலத்தில்தான் இன்று வள்ளுவர் கோட்டம் இருக்கிறது; லயோலா கல்லூரியும் அந்தப் பக்கத்தில்தான் எழுந்தது. எழும்பூர்ப் பக்கம் ஸ்பர் டாங்க் ரோடு இருக்கிறது. டாங்க் இல்லை.

கட்டடம் போனால் போனதுதான். தண்ணீர் அப்படி இல்லை. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் பழைய முகவரியைத் தேடிக்கொண்டு வந்துவிடுகிறது. தெருவில் முழங்கால் ஆழம் நின்றபடி "இங்க எப்டி இவ்ளோ தண்ணி?" என்று கேட்பவர், லேக் வியூ ரோட்டில் நின்றுதான் கேட்கிறார்.

*

மூர் மார்க்கெட். இதற்கு மட்டும் நோட்டில் நான்கு பக்கம் ஆகிவிட்டது. சுருக்குகிறேன்.

பிராட்வேயில் நெரிசலில் திணறிய பாப்பம் சந்தைக்கு மாற்றாகக் கட்டியது. 1898-இல் மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் அடிக்கல் நாட்டினார். 1900-இல் திறந்தது. செங்கல் நிறம், வளைவுகள், நடுவில் முற்றம். ரிப்பன் மாளிகைக்கும் முந்தையது.

பள்ளி திறக்கும் வாரம் அப்பா என்னை அங்கே அழைத்துப் போவார். பழைய பாடப்புத்தகம் வாங்க. கட்டடத்துக்குள் நுழையும் முன்பே வாசனை வந்துவிடும்: பழைய காகிதம், மெஷின் ஆயில், அதோடு கூண்டுப் பறவைகளின் நெடி. ஒரு பக்கம் இசைத்தட்டுகள், ஒரு பக்கம் சைக்கிள் சாமான், கடிகாரம், காலணா அரையணா நாணயங்கள், கிளி, மீன், நாய்க்குட்டி. அப்பாவின் விதி ஒன்றுதான்: சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு கேள், கேட்டுவிட்டு நட.

"இன்னா சார், பத்து ரூபா புக்கு. மூணு ரூபாக்குக் கேக்குறியே, அட்டைக்கே ஆவாது."

அப்பா ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தக் கணக்குப் புத்தகம் வேறெங்கும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். ஐந்தாவது அடி, ஆறாவது அடி. திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதும் விதி.

"சார்! தோ சார்! புள்ள படிக்கிற புக்கு, ஒனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், நாலு குடுத்துட்டு எத்துக்கினு போ."

புத்தகத்தின் முதல் பக்கத்தில் முன்பு படித்த பையனின் பெயர் இருக்கும். அதன்மேல் கோடு போட்டு என் பெயரை எழுதுவேன். வருஷக் கடைசியில் அதே கடையில் விற்றால், என் பெயர்மேலும் யாரோ கோடு போட்டிருப்பார்கள்.

1985 மே 30. தீ. கட்டடம் பிழைக்கவில்லை. சில நாள் கழித்து அப்பாவோடு போய்ப் பார்த்தேன். தண்ணீரில் ஊறி உப்பிய புத்தகங்கள் குவியலாகக் கிடந்தன. ஓரம் மட்டும் கருகி, நடுவில் எழுத்து அப்படியே இருந்தது. ஒருவர் குந்தி உட்கார்ந்து பக்கங்களைப் பிரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம் எதையோ விலை கேட்டார். அவர் சொன்ன விலையை அப்படியே கொடுத்தார். அப்பா பேரம் பேசாததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மார்க்கெட் இருந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம். அதற்கு மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர். முன்னால் வண்டி நிறுத்துமிடத்தில் பழைய கட்டடத்தின் சிறிய மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். ரயிலைப் பிடிக்க ஓடுபவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். கடைக்காரர்களுக்கு வேறு இடம் கொடுத்தார்கள், அல்லிக்குளம் வணிக வளாகத்தில். அல்லிக்குளம் எங்கே என்று கேட்கிறீர்களா? அந்த வளாகத்தின் அடியில்.

*

அதே 1985-இல்தான் மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த மிருகக்காட்சி சாலையும் வண்டலூருக்குப் போனது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு தீராத வழக்கு உண்டு. தீப்பிடித்த அன்று சிங்கம் கர்ஜித்தது ஊருக்கே கேட்டது என்று அத்தை சொல்வார். "அப்ப சிங்கம் வண்டலூர்ல இருந்துது, நீ கேட்டது ரயில் ஊதல்" என்பார் பெரியப்பா. அத்தை இன்னொன்றும் சொல்வார்: மார்க்கெட்டுக்கு நீலச் சாயம் பூசியிருந்தார்களாம். பெரியப்பாவிடம் பழைய தபால் அட்டை இருக்கிறது, செங்கல் சிவப்பு. எடுத்துக் காட்டினார். அத்தை கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது வேற மார்க்கெட்டு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நினைவுக் குறிப்பு எழுதுகிற எவரும் இந்த அத்தையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. என்னையும் சேர்த்து.

*

போனதெல்லாம் துக்கம் கொண்டாட வேண்டியவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கிய நீல் என்ற தளபதிக்குச் சிலை இருந்தது. 1927-இல் அதை அகற்றக் கோரி இளைஞர்கள் சுத்தியலோடு போய்ச் சிறை சென்றார்கள். 1937-இல் ராஜாஜி மந்திரிசபை வந்ததும் சிலை அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கேயே இருக்கட்டும்.

சென்ட்ரல் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மத்திய சிறை 1837-இல் கட்டியது. கைதிகள் புழலுக்குப் போன பிறகு, 2009-இல் இடிப்பதற்கு முன் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்க அனுமதித்தார்கள். கூட்டம் பொருட்காட்சி போல. அண்ணாவும் கலைஞரும் இருந்த சிறை என்று பார்க்க வந்தவர்கள் பாதி. மீதிப் பேரில் ஒரு நடுத்தர வயது மனிதர் ஓர் அறையின் வாசலில் நின்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பா இருந்தது இந்த வரிசதான்." மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இன்று அந்த நிலம் மருத்துவக் கல்லூரியிடம் இருக்கிறது.

*

1895 மே 7: சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1953 ஏப்ரல் 12: கடைசி டிராம். இரண்டு தேதிக்கும் நடுவில் ஊர் முழுக்க ஓடியதற்கு இன்று தெருவில் தண்டவாளம்கூட இல்லை. ஆனால் எண்பதைத் தாண்டிய எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா, பேருந்து முழுசாக நிற்கும் முன்பே ஒரு காலைக் கீழே வைப்பார். "டிராம்ல பழகின காலு" என்பார்.

*

மவுண்ட் ரோட்டுக் கொட்டகைகள். வார்விக் மேஜர் 1913-இல் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர், தபால் நிலையத்தின் பகுதியாகப் பிழைத்திருக்கிறது. ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி இல்லை. இந்தியர் ஒருவர் நகரத்தில் கட்டிய முதல் சினிமாக் கொட்டகை அது. சபையர் 1964-இல் வந்தது. சபையர், புளூ டைமண்ட், எமரால்ட் என்று ஒரே கூரையின்கீழ் மூன்று திரை. புளூ டைமண்டில் படம் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். ஏ.சி.க்காகவே நுழைந்து, படத்தின் பின்பாதியை முதலிலும் முன்பாதியைப் பின்னாலும் பார்த்துவிட்டு வந்த ஒரு தலைமுறை உண்டு. 1994-இல் மூடினார்கள்.

அதே சாலையில் ஸ்பென்சர் கடை 1983-இல் எரிந்தது. பழைய கட்டடம் 1895-இல் எழுந்தது. புதிய பிளாசா அதே பெயரில் நிற்கிறது. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் 1962-இல் வந்து 2008-இல் மூடியது. காரின் கண்ணாடியை இறக்கினால் ஜன்னல் விளிம்பில் தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள், தட்டில் தோசை. கார் இல்லாத நாங்கள் உள்ளே மேசையில் உட்கார்ந்து, காரில் சாப்பிடுபவர்களை வேடிக்கை பார்த்தபடி சாப்பிட்டோம். அந்த இடம் இப்போது செம்மொழிப் பூங்கா. மரங்கள் நன்றாகவே இருக்கின்றன. காபிக்கு வெளியே வர வேண்டும்.

*

அரசினர் தோட்டம். ஆளுநர் மாளிகை இருந்தது, இடித்தார்கள். 2010-இல் அதே வளாகத்தில் புதிய சட்டமன்ற, தலைமைச் செயலகக் கட்டடம் திறந்தது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. 2014-இல் அது பல்நோக்கு மருத்துவமனை ஆனது. மாளிகை, சட்டமன்றம், ஆஸ்பத்திரி, மூன்றையும் ஒரு பத்து வருஷத்துக்குள் பார்த்துவிட்டது அந்த மண். மெட்ரோ நிலையத்துக்கு மட்டும் பழைய பெயரையே வைத்திருக்கிறார்கள். பதிவு செய்த குரல் ஒவ்வொரு முறையும் "அரசினர் தோட்டம்" என்று அறிவிக்கிறது. அந்தக் குரலிடம் "அப்டின்னா என்ன?" என்று கேட்க முடியாது. நடத்துநரிடம் கேட்கலாம்.

*

கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. ஆனாலும் ஆதியப்ப நாயக்கன் தெருப் பக்கம் மழை நாளில் நடந்தால் அழுகிய முட்டைக்கோஸ் வாசனை வருவதாக எனக்கு ஒரு பிரமை. கூட வந்த நண்பன் ஒன்றும் வரவில்லை என்கிறான். இதை அத்தை கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

*

அண்மையில் அம்மாவின் இரும்புப் பெட்டியில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. மஞ்சள் மூலை மங்கியிருந்தது. பெறுநர் முகவரியில், "ரவுண்டானா அருகில், மவுண்ட் ரோடு" என்று அவ்வளவுதான். கதவு எண் இல்லை. பின்கோடு இல்லை. அண்ணா சிலை நிற்கும் சந்திப்புக்கு 1968-க்கு முன்பு அதுதான் அடையாளம். அந்த முகவரிக்குக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது, தபால்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவிடம், "அங்க யாரும்மா இருந்தாங்க?" என்று கேட்டேன். பத்து நிமிஷம் பேசினார். ஒரு தையற்கடை, அதன் மாடியில் ஒரு குடும்பம், மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. எந்த வரைபடத்திலும் இல்லாதவை. பத்திரிகையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒன்று இருக்கும். பழைய பத்திரிகை, ரேஷன் கார்டு, கடை ரசீது, ஏதோ ஒன்று. பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன்பு முகவரியைப் படித்துக் காட்டி, வீட்டில் பெரியவர் இருந்தால் கேட்டுவிடுங்கள். கேட்டதைப் பின்பக்கமே எழுதுங்கள், தேதியும் போடுங்கள்.